இபி-1ஏ (அசாதாரணத் திறமை காட்டி அமெரிக்க கிரீன் கார்டு கேட்கும் மனு) போடலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்த நம்ம ஊர் ஆட்கள் சொல்லுங்கள்

காரைக்குடி பேட்டரி:
வணக்கம். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். வீட்டில் ஆளாளுக்கு கிரீன் கார்டு எப்போ என்று கேட்டே உயிரை எடுக்கிறார்கள், சரி, இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன். இப்போது மிச்சிகனில் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை. சோடியம் அயனி பேட்டரி, அதிலும் ஆனோடுக்குப் போடும் கார்பன்தான் என் பாடு. உயர்படிப்புக்காரர்களுக்கான இபி-2 பிரிவில் கம்பெனி போட்ட ஐ-140 (கிரீன் கார்டுக்கான அடிப்படை மனு) பாஸாகி, வரிசையில் என் இடமாக 2018 தேதியோடு கிடக்கிறது, நானும் அதே கம்பெனியில் எச்-1பி வேலை விசாவை நீட்டித்துக்கொண்டே கிடக்கிறேன். இந்த 2025 ஆகஸ்ட் விசா புல்லட்டினில் (எந்தத் தேதிக்காரர் வரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் போடும் பட்டியல்) இந்தியாவுக்கு இபி-2 இன்னும் 2013 ஜனவரியில் நிற்கிறது. மூத்தவள் ஒன்பதாவது போகிறாள். 21 வயது தாண்டினால் என் விண்ணப்பத்திலிருந்து அவள் கழன்றுவிடுவாள் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

போன வாரம் ஒரு ஆலோசனைக் கம்பெனியிலிருந்து போன். "சார், உங்க ப்ரொஃபைல் முக்கால்வாசி ரெடி, ஒரு விருது, ஒரு மெம்பர்ஷிப், ரெண்டு பத்திரிகைக் கட்டுரை, எல்லாம் நாங்களே ஏற்பாடு பண்ணிடுவோம்" என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகைக்கு ஆத்தங்குடியில் ஒரு மனை வாங்கலாம். என் கையில் இருப்பது கட்டுரைகள், ஓரளவு நல்ல மேற்கோள்கள், நிறைய ரெவ்யூ வேலை (இதழ்களுக்காக அடுத்தவர் கட்டுரையை மதிப்பிடுவது), கம்பெனி பெயரில் காப்புரிமைகள். சம்பளம் மோசமில்லை. இதை வைத்துக்கொண்டு நான் "அசாதாரணத் திறமை" உள்ள ஆள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவதா? போட்டவர்கள், வாங்கியவர்கள், அடிபட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பணம் கட்டினால் எனக்கும் அந்த விருது கொடுப்பார்களா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். கொடுப்பார்கள் என்றால் அது விருதில்லை, ரசீது.

பள்ளத்தூர் அண்ணன்:
தம்பி, பெயரைப் பார்த்துப் பயப்படாதே. நோபல் மாதிரி ஒரே ஒரு பெரிய விருது இருந்தால் அதை மட்டும் காட்டினால் போதும். அது இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு விதியில் பத்து வகைச் சான்று சொல்லியிருக்கிறார்கள், குறைந்தது மூன்று காட்ட வேண்டும். விஞ்ஞானி, கலைஞர், விளையாட்டுக்காரர், வியாபாரி, கல்வித்துறை ஆள் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான், அதனால் பாதி உனக்குப் பொருந்தவே பொருந்தாது. கலைக் கண்காட்சியும் மேடை வசூலும் பேட்டரிக்காரனுக்கு எதற்கு? கட்டுரை எழுதியது ஒன்று, அடுத்தவர் வேலையை மதிப்பிட்டது ஒன்று, இந்த இரண்டும் உனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும். மூன்றாவது, துறைக்குப் பெரிய முக்கியத்துவமுள்ள சொந்தப் பங்களிப்பு. சண்டை முழுக்க அங்கேதான்.

மூன்று டிக் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மண்ணைக் கவ்வுகிறார்கள். 2010இல் கசாரியன் என்ற இயற்பியல்காரர் தொடுத்த வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது (மனிதர் அதில் தோற்றுப்போனார், அது வேறு விஷயம்). அதிலிருந்து குடியேற்றத் துறை இரண்டு படியாகப் பார்க்கிறது. முதல் படியில் மூன்று வகை இருக்கிறதா என்ற எண்ணிக்கை. இரண்டாம் படியில் எல்லாவற்றையும் மொத்தமாக வைத்து, இந்த ஆள் தன் துறையில் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா, பெயர் ஏதோ ஒரு வருடம் அடிபட்டுவிட்டு மறைந்துவிட்டதா, நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய விருது முதல் படியைத் தாண்டினாலும் இரண்டாம் படியில் உன் நல்ல சான்றுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதை ஒரு அதிகாரி சந்தேகப்பட்டால் மற்றதையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

உனக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை அந்த ஆலோசனைக்காரர்கள் சொன்னார்களா? இபி-1ஏ பாஸானால் உன் பழைய 2018 தேதியை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். இபி-1 இந்தியா இந்த 2025 ஆகஸ்டில் 2022 பிப்ரவரியில் இருக்கிறது. புதிதாகப் போடுகிறவனுக்கு இபி-1இலும் வரிசையில் நிற்கும் கொடுமை உண்டு, உனக்கு அது இல்லை. பாஸான கையோடு ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம், போடலாம். கம்பெனி தயவும் வேண்டாம், நீயே உனக்காகப் போட்டுக்கொள்ளும் மனு இது.

செலவு என்று பார்த்தால், வழக்கறிஞர் கூலி தனி. அரசுக்கு ஐ-140 கட்டணம் 715 டாலர், நீயே போடுகிறவன் என்றால் அதோடு 300 டாலர், 2024 ஏப்ரலில் வந்த கணக்கு இது. சீக்கிரம் பார்க்கச் சொல்லும் பிரீமியம் வேண்டுமானால் 2025 ஆகஸ்ட் நிலவரப்படி 2,805 டாலர், 15 வேலை நாளில் பதில். பதில் என்றால் பாஸ் என்று அர்த்தமில்லை, கூடுதல் சான்று கேட்டு வரும் கடிதமும் பதில்தான். கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கும், போடுகிற அன்று தளத்தில் பார்த்துக்கொள்.

கோனாபட்டு ஆச்சி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் "உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும்" என்பதில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. நான் நியூஜெர்சியில் மருந்துத் துறையில் புள்ளியியல் பார்க்கிறேன். எனக்கு வந்த ஆர்எஃப்இயில் (கூடுதல் சான்று கேட்கும் கடிதம்) ரெவ்யூ விஷயத்தையே பிடித்துக்கொண்டார்கள். "பரிசீலிக்க அழைத்த மின்னஞ்சல் இருக்கிறது, பரிசீலித்து முடித்ததற்குச் சான்று எங்கே?" அழைப்பு வந்தால் மட்டும் போதாது, செய்து அனுப்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு இதழின் தளத்திலும் நுழைந்து, முடித்த பணிகளின் பக்கத்தை எடுத்து, ஆசிரியர் குழுவிடமிருந்து கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்இக்குப் பதில் தர அதிகபட்சம் 12 வாரம்தான், அதற்குள் வெளிநாட்டு ஆசிரியர்களைத் துரத்திப் பிடிப்பது லேசில்லை.

மெம்பர்ஷிப்பும் அப்படித்தான். சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் கணக்கில் வராது. சாதனையைப் பார்த்து, துறையின் பெரியவர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் ஃபெல்லோ மாதிரியான நிலைகள்தான் வரும்.

சம்பளத்தைச் சும்மா "மோசமில்லை" என்று விடாதீர்கள். உங்கள் வேலைக்கு, உங்கள் வட்டாரத்தில், தொழிலாளர் புள்ளிவிவரத் துறை என்ன கணக்கு வெளியிடுகிறது என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் உங்கள் டபிள்யூ-2வை (கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்று) வையுங்கள். மிச்சிகன் சம்பளத்தைக் கலிஃபோர்னியாவோடு ஒப்பிட்டால் நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

புதுவயல்:
இவ்வளவு பாடு எதற்கு? என்ஐடபிள்யூ (தேசிய நலனுக்கான விலக்கு) போடலாமே. அதிலும் கம்பெனி வேண்டாம். பேட்டரி, மின்சார வண்டி எல்லாம் தேசிய நலன்தானே. என் நண்பர்கள் நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

பள்ளத்தூர் அண்ணன்:
வாங்கியிருக்கிறார்கள், வாங்கிவிட்டு எங்கே நிற்கிறார்கள் என்று கேள். என்ஐடபிள்யூ என்பதே இபி-2தான். 2016இல் வந்த தானாசர் தீர்ப்புக்குப் பிறகு அதைப் பாஸாக்குவது முன்னைவிட எளிது என்பது உண்மை, ஆனால் பாஸானதும் போய் நிற்கும் வரிசை அதே 2013 ஜனவரி வரிசை. இவரிடம்தான் பாஸான இபி-2 ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்றை வாங்கி என்ன செய்வது?

சிக்ரி பழைய ஆள்:
தம்பிகளா, நான் ஓய்வு பெற்று வருஷமாகிறது. என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் பலருக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்திருக்கிறேன், அதனால் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வக்கீல் ஆபீஸிலிருந்து எழுதியே அனுப்பிவிடுகிறார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று. ஒரு தடவை ஒரே பையனுக்காக எனக்கு வந்த நகலும் கொரியாவில் இருக்கும் என் நண்பருக்குப் போன நகலும் தற்செயலாக ஒன்றாகப் பார்க்க நேர்ந்தது. வரிக்கு வரி ஒன்று. "இவர் இத்துறையின் உச்சியில் இருக்கும் மிகச் சிலரில் ஒருவர் என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை." ஐயமில்லாத ஆள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே வாக்கியத்தை யோசித்தோமா? அதிகாரி தினமும் இதைத்தான் படிக்கிறார்.

நான் அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "எங்கள் ஆய்வகத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை வைத்து முயன்றபோது முதல் சார்ஜிலேயே சோடியம் ஏராளமாக வீணாகிக்கொண்டிருந்தது. இவருடைய கட்டுரையில் சொன்ன முறைப்படி கரியைச் சூடாக்கும் வெப்பநிலையை மாற்றிய பிறகு அந்த இழப்பு குறைந்தது. அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் எல்லோரும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்." உச்சி, சிகரம் எதுவும் இல்லை. என்ன பிரச்சினை, இவர் என்ன செய்தார், அதனால் எங்கள் வேலை எப்படி மாறியது, அவ்வளவுதான். இப்படி எழுத வேண்டுமென்றால் எழுதுகிறவர் உண்மையிலேயே அந்த வேலையைப் பயன்படுத்தியவராக இருக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரும் கூட வேலை பார்த்தவர்களும் கொடுக்கும் கடிதம் ஒன்றிரண்டு போதும். மிச்சம், உன் முகத்தைப் பார்த்தே இராத ஆட்களிடமிருந்து வர வேண்டும்.

அப்புறம் கடிதம் மட்டுமே சான்றாகாது. கடிதத்தில் சொன்னதற்கு அடியில் ஒரு தாள் இருக்க வேண்டும். அவர்கள் கட்டுரையில் உன் முறையைப் பயன்படுத்திய பத்தி, காப்புரிமையை வேறு கம்பெனி உரிமம் எடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம், இப்படி. சிக்ரிக்காக 1948இல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும் கொடுத்து நடத்திய அடிக்கல் விழாவும், 1953இல் திறந்த கதையும் நமக்குப் பெருமை. மிச்சிகன் பையனின் மனுவில் இன்ஸ்டிட்யூட்டின் வரலாறு நாலு பக்கம் வந்தால் அதிகாரிக்கு எரிச்சல்தான் வரும். ஒருவன் நிஜமாகவே அப்படி வைத்திருந்தான்.

கோனாபட்டு ஆச்சி:
ஐயா சொன்ன இந்த ஒன்றுதான் மொத்த மனுவும். என் முதல் வழக்கறிஞர் தொகுத்த கட்டு மொய் எழுதின நோட்டு மாதிரி இருந்தது, யார் யார் பெயரோ இருக்கும், எதற்கு என்று தெரியாது. இரண்டாவது ஆள் அதில் முக்கால்வாசியை உருவிப் போட்டுவிட்டு, என் ஒரே ஒரு முறையை எந்தெந்த ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள் என்பதை மட்டும் கோத்துக் கொடுத்தார். தாள் குறைந்தது, மனு பலமானது.

பிள்ளையார்பட்டி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இது விஞ்ஞானிகளுக்கு மட்டும்தானா? எங்கள் சித்தப்பா ஸ்தபதி. அமெரிக்காவில் கோயில் வேலைக்கு அடிக்கடி போய்வருகிறார். பட்டப்படிப்பெல்லாம் இல்லை.

பள்ளத்தூர் அண்ணன்:
இபி-1ஏவுக்குப் பட்டம் தேவையில்லை, கலையும் அதில் உண்டு. சித்தப்பாவிடம் கும்பாபிஷேக மலர்கள் இருக்குமே, தலைமை ஸ்தபதி என்று பெயர் போட்டு? அதெல்லாம் சான்று. பெரிய கோயில்களில் தலைமைப் பொறுப்பு என்பது ஒரு வகை. சிற்பத்துக்குக் கண்காட்சிக் கூடம் கிடையாதே என்றால், தொழிலின் தன்மைக்குப் பொருந்தாத வகைக்கு ஈடான வேறு சான்று காட்ட விதியிலேயே இடமிருக்கிறது. அங்கே போயும் இதே தொழிலைத்தான் செய்வார் என்பதற்கு ஒப்பந்தமோ கடிதமோ வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இங்கே பேசினால் பேட்டரி தம்பி தொலைந்துபோவார்.

காரைக்குடி பேட்டரி:
தொலையவில்லை அண்ணே, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, உங்கள் கடிதம் பகுதியைப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். நீங்கள் யார் என்று ஊகிக்க முடிகிறது, கேட்கமாட்டேன்.

ஆலோசனைக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உடனே தொகையைப் பாதியாக்கினார்கள், அதிலேயே லட்சணம் தெரிந்தது.

இரண்டு சின்னச் சந்தேகங்கள். ஒன்று, தமிழ் வார இதழ் ஒன்றில் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பேட்டி வந்தது, அது உதவுமா? இரண்டு, ஊரில் இருக்கும்போதே காகிதங்களை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். என் பிறப்புச் சான்றில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது, பெயரில்லை. வீட்டுக்காரிக்கு வேறு தொல்லை, அவள் பிறந்தது பினாங்கில், மாமனார் அங்கே கடையில் கணக்குப் பார்த்தவர். அவள் சான்று மலாய் மொழியில் இருக்கிறது. அதை இங்கேயே மொழிபெயர்க்க ஆள் கிடைக்குமா?

கானாடுகாத்தான்:
நில்லுங்கள். மனைவி பினாங்கில் பிறந்தவரா?

நான் இத்தனை நாள் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன், பொதுவாக இங்கே எழுதுவதில்லை. உங்கள் வழக்கறிஞர் இதை உங்களிடம் கேட்கவே இல்லையா? வரிசை என்பது பாஸ்போர்ட்டைப் பார்த்து இல்லை, பிறந்த நாட்டைப் பார்த்து. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தால், இருவரில் யார் பிறந்த நாடு சாதகமோ அந்த நாட்டுக் கணக்கில் இருவரையும் வைக்கலாம். குடியேற்றச் சட்டத்தில் 202(பி) பிரிவு. உங்கள் மனைவி இந்தியக் குடிமகளாக இருந்தாலும் மலேசியாவில் பிறந்தவர், நீங்கள் மலேசியக் கணக்கில் போகலாம். மலேசியாவுக்குத் தனி வரிசை கிடையாது, புல்லட்டினில் "மற்ற எல்லா நாடுகளும்" என்ற பத்திதான். அந்தப் பத்தியில் இபி-2 இந்த ஆகஸ்டில் 2023 செப்டம்பரில் இருக்கிறது.

உங்கள் தேதி 2018.

தேவகோட்டை ரஸ்தா:
பெண்டாட்டி பிறந்த ஊரை வைத்து புருஷனுக்கு கிரீன் கார்டா? இது எந்த ஊர் நியாயம்? நான் நம்பமாட்டேன்.

கானாடுகாத்தான்:
நம்பாவிட்டாலும் சட்டம் அதுதான். குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஒருவருக்கு விசா எண் வந்து இன்னொருவருக்கு வராமல் போய்விடக் கூடாதே. பிள்ளைகளையும் அப்பா அம்மா இருவரில் ஒருவர் கணக்கில் வைக்கலாம், அதனால் காரைக்குடியிலேயே பிறந்திருந்தாலும் மூத்தவளுக்கும் இது செல்லும். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் எடுத்துக்கொள்ள முடியாது, அந்தத் திசையில் வேலை செய்யாது.

பர்மா பேரன்:
அப்படியானால் எனக்கும் சொல்லுங்கள். எங்கள் அப்பச்சி (அப்பா) மோல்மீனில் பிறந்தவர், ஐயா (தாத்தா) அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். நான் பிறந்தது தேவகோட்டை. நான் பர்மா கணக்கில் போகலாமா? இங்கே பாதி வீடுகளில் இந்தக் கதைதான் இருக்கிறது.

கானாடுகாத்தான்:
அப்பச்சி பிறந்த ஊர் மட்டும் போதாது. பெற்றோரை வைத்து ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் பிறந்த நாட்டில் உங்கள் அப்பா அம்மா இருவருமே பிறந்திருக்கவும் கூடாது, நீங்கள் பிறந்த சமயத்தில் அங்கே குடியிருந்திருக்கவும் கூடாது. இருவரும் மலேசியாவில் பிறந்து, அங்கேயே குடியிருந்து, தலைப்பிரசவத்துக்காக மட்டும் ஆத்தாவை இங்கே கொண்டுவந்து விட்டு, பிள்ளை பிறந்ததும் திரும்பிப் போனார்கள் என்றால் பார்க்கலாம். நம்ம பக்கத்தில் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. உங்களுடையதில் ஆத்தா எங்கே பிறந்தவர்?

பர்மா பேரன்:
கண்டனூர். அப்போ முடிந்தது கதை. நன்றி.

காரைக்குடி பேட்டரி:
இப்போதுதான் படித்தேன். கீழே போய் வீட்டுக்காரியிடம் சொன்னேன், "அப்போ நான்தான் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்கிறாள். அப்பச்சி ஒன்றும் புரியாமல் மாமனாருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி வழக்கறிஞர் அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் எச்-4 (எச்-1பிக்காரரின் துணைக்கான விசா) படிவங்களில் பிறந்த இடம் பினாங்கு என்று ஒவ்வொரு தடவையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறோம். சரி, அது போகட்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

கானாடுகாத்தான்:
முதலில் ஒரு நல்ல வழக்கறிஞரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், நான் இங்கே சொல்வது வழக்கறிஞர் ஆலோசனை ஆகாது. இரண்டு பேரும் அமெரிக்கா திரும்பிய பிறகுதான் ஐ-485 போட முடியும், மனுவோடு வைக்கும் கடிதத்தின் தலைப்பிலேயே மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் கேட்கிறோம் என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்தியக் கணக்கில் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஐ-693ஐயும் கூடவே வையுங்கள், 2024 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்.

இன்னொன்று, அவசரப்படுங்கள். அரசாங்கக் கணக்கு வருடம் செப்டம்பரோடு முடிகிறது. அதற்கு முன்னால் எண்கள் தீர்ந்துபோவது உண்டு. தீர்ந்தால் அக்டோபரில் புதுக் கணக்கு தொடங்கும், ஆனால் தேதி முன்னே போகுமா பின்னே போகுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2018 என்பது பாதுகாப்பான தூரத்தில்தான் இருக்கிறது.

காகித விஷயம். மனைவியின் மலாய்ச் சான்று மூலம் வேண்டும், முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் "இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்" என்று கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். அரசு முத்திரையெல்லாம் தேவையில்லை, மலாய் தெரிந்த யாரும் செய்யலாம், ஆனால் நீங்களோ மனைவியோ செய்யாதீர்கள். உங்கள் சான்றில் பெயரைச் சேர்க்கப் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அதோடு பிறந்ததை அறிந்த மூத்த உறவினர் இருவரின் பிரமாணப் பத்திரமும் பள்ளிச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? மொத்த வழக்கும் அந்தக் கல்யாணத்தின் மேல்தான் நிற்கிறது.

காரைக்குடி பேட்டரி:
இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தம்) இருக்கிறது, கோயில் ரசீது இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றும் இருக்க வேண்டும், விசாவுக்காக எடுத்ததாக ஞாபகம். தேடுகிறேன்.

கானாடுகாத்தான்:
இசைகுடிமானத்தைத் துணைக்கு வைக்கலாம், மொழிபெயர்ப்போடு. முதன்மைச் சான்று அரசுப் பதிவுதான். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் பதிவு கட்டாயம், அதனால் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும்.

புதுவயல்:
அப்போ இபி-1ஏ வேண்டவே வேண்டாமா? இத்தனை பேர் இத்தனை எழுதியது வீணா?

பள்ளத்தூர் அண்ணன்:
இவருக்கு இப்போது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். இருக்கிற இபி-2விலேயே நேராகப் போகும்போது, உச்சியில் இருக்கிறேனா என்று ஒரு அதிகாரியிடம் போய் ஏன் வாதாட வேண்டும்? அந்தப் பணத்தை மகள் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். ஐ-485 போட்டு 180 நாள் ஆகிவிட்டால், ஐ-140 பாஸானது என்பதால், அதே மாதிரியான வேலைக்குக் கம்பெனி மாறவும் முடியும்.

கோனாபட்டு ஆச்சி:
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் அண்ணே. "அதே மாதிரியான வேலை" என்பதில்தான் சிக்கல். இவர் நாளைக்கே சொந்தமாக ஏதாவது தொடங்க நினைத்தால், அல்லது ஐ-485 போடுவதற்கு முன்னால் கம்பெனி ஆள் குறைப்பு செய்தால்? பேட்டரித் துறை இப்போது இருக்கும் இருப்பில் அது நடக்காத விஷயமில்லை. கடிதங்களைத் தொடர்ந்து வாங்கி வைக்கட்டும். மனு போடாவிட்டாலும் பரவாயில்லை. ஐயா சொன்ன கொரியா நண்பர் மாதிரி ஆள் இன்றைக்கு எழுதித் தருவார், ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாரோ.

பத்திரிகைப் பேட்டி பற்றிக் கேட்டீர்களே, யாரும் பதில் சொல்லவில்லை. உதவும், ஆனால் தலைப்பு, வெளியான தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும், இதழின் விற்பனை அளவுக்குச் சான்று வேண்டும், முழு மொழிபெயர்ப்பு வேண்டும். நம்ம வார இதழ்களில் பேட்டிக்குக் கீழே "நமது நிருபர்" என்று போட்டு விட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் ஆசிரியர் குழுவிடமிருந்து எழுதியவர் யார் என்று ஒரு கடிதம் வாங்குங்கள், ஊரில் இருக்கும்போதே.

சிக்ரி பழைய ஆள்:
ஆச்சி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. தம்பி, கடிதம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன், உன் கட்டுரையை எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தியிருக்கிறோம். நகல் எதுவும் அனுப்பாதே, நானே எழுதிக்கொள்வேன்.

காரைக்குடி பேட்டரி:
ஐயா, நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வரலாமா?

திருமணச் சான்று கிடைத்துவிட்டது, அப்பத்தாவின் பெட்டகத்தில் பத்திரங்களோடு இருந்தது. அதில் வீட்டுக்காரி பெயரும் பினாங்குச் சான்றில் இருக்கும் பெயரும் ஒரு எழுத்து வித்தியாசம், ஒன்றில் "எச்" இருக்கிறது, ஒன்றில் இல்லை. இதற்கும் பிரமாணப் பத்திரம் வேண்டுமா, விட்டுவிடலாமா?

கானாடுகாத்தான்:
விடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று மனைவியும் மாமனாரும் தனித்தனியாக நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள், மற்றதை "வழங்கிய வேறு பெயர்" என்ற கட்டத்தில் போடுங்கள்.